முதல் டிக்கெட் பொலிசுக்கு

கனடாவுக்கு வந்த இரண்டாம் வருடம் நான் ஒரு குற்றம் செய்தேன். செய்யும்போது அது குற்றமென்று தெரியாது. தெரியவந்த நாளிலிருந்து மாதக்கணக்கில், தொலைபேசி மணி அடித்தாலும் நான் எடுக்கவில்லை. இப்போது இதை யாருக்காவது சொன்னால் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் நாங்கள் இருந்த கட்டிடத்துக்கு மாதம் ஒரு தமிழ்க் குடும்பமாவது புதிதாக வந்து இறங்கும். கொழும்பு வெயிலுக்கு உடுத்த உடுப்போடும் ரப்பர் செருப்போடும் பனிக்குள் வந்து நிற்பார்கள். நானும் அப்படி வந்தவள்தான். எனக்கு வாடகைக்கு அறை தந்த அக்காவிடம் ஒரேயொரு நல்ல ஜக்கெட் இருந்தது. என் முதல் குளிர்காலம் முழுக்க அதை இரண்டு பேரும் முறைவைத்துப் போட்டோம். அவவுக்குப் பகல் வேலை, எனக்கு மாலை வேலை என்பதால் சமாளித்தோம். ஆகவே, புதிதாக வருகிறவர்களுக்கு ஜக்கெட்டும் பூட்ஸும் வாங்கிக் கொடுக்க ஒரு அதிர்ஷ்டலாபச் சீட்டு நடத்தலாம் என்று கட்டிடத்துத் தமிழர் பத்துப் பேர் கூடிப் பேசியபோது, முதலில் கையை உயர்த்தியவள் நான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பிறவிக்குணம்.

அந்தப் பத்துப் பேரும் கமிட்டியாகி, என்னைச் செயலாளராகப் போட்டார்கள். தலைவராக வந்தவர் யாழ்ப்பாணத்தில் தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். குப்பை போடப் போனாலும் கோட்டுப் போட்டு டையும் கட்டிக்கொண்டுதான் போவார். நாங்கள் அவரை அங்கிள் என்போம். முதல் பரிசு ஒரு பெரிய டிவி, இரண்டாவது ரைஸ் குக்கர், மூன்றாவது ஒரு சேலை என்று முடிவாயிற்று. கமிட்டி ஆட்கள் ஒருவரும் டிக்கெட் எடுக்கக் கூடாது என்றும் அங்கிள் ஒரு விதி போட்டார். அச்சடிக்கப் போன இடத்தில், தொடர்புக்கு ஒரு பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டும் என்றார்கள்.

“என்ர நம்பரைப் போட்டால் மருமகள் எடுத்து, அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை எண்டு வைச்சிடுவா,” என்றார் அங்கிள். “பிள்ளை, உங்கட பேரைப் போடுவம். நீங்கள் இங்கிலீசும் வடிவாக் கதைப்பியள்.”

அப்படித்தான் என் பெயர், முழுப் பெயர், ஒவ்வொரு டிக்கெட்டின் கீழும் கறுப்பு எழுத்தில் விழுந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கனடாவில் என் பெயரை அச்சில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அச்சகத்தில் தந்த, தொடரிலக்கம் இல்லாத ஒரு மாதிரி டிக்கெட்டைக் கடித உறையில் வைத்து என் கணவருக்கும் அனுப்பினேன்.

அவரும் என் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். நான் விட்டுவிட்டு வரும்போது மகளுக்கு மூன்று வயது. என் அகதி வழக்கு சரிவந்துவிட்டது. நிரந்தர வதிவிடத்துக்கான பத்திரம், எல்லோரும் ‘லாண்டட்’ என்று சொல்வார்களே, அது மட்டும் வரவேண்டியிருந்தது. அது வந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: எந்த நாட்டிலாவது உங்கள்மேல் குற்றச்சாட்டு உண்டா? ஒரு பெட்டி ஆம், ஒரு பெட்டி இல்லை. நான் ‘இல்லை’யில் புள்ளடி போட்டு அனுப்பியிருந்தேன்.

டிக்கெட் ஒன்று இரண்டு டொலர். புரட்டாதி பிறக்கும்போது விற்கத் தொடங்கினோம். வாங்குகிறவரின் பெயரை, டிக்கெட்டைக் கிழித்த பின் புத்தகத்தில் மிஞ்சும் அடிக்கட்டையில் எழுதவேண்டும். எங்கள் ஆட்கள் தங்கள் பெயரில் டிக்கெட் எடுப்பது அபூர்வம். “எனக்கு ஏழரைச் சனி நடக்குது, சின்னவளின்ர பேரில எழுதுங்கோ,” என்பார்கள். ஊரில் இருக்கும் தாயின் பெயரில், ஜெர்மனியில் இருக்கும் தம்பியின் பெயரில் எல்லாம் எடுத்தார்கள். ஒருவர் பிள்ளையார் என்று எழுதச் சொன்னார். பிள்ளையாருக்கு டிவி விழுந்தால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்டேன்.

“உதை நான் பாத்துக்கொள்ளுறன், தங்கச்சி. நீங்கள் எழுதுங்கோ,” என்றார்.

விற்பனை தொடங்கி இரண்டாம் நாள் அங்கிள் மலர்ந்த முகத்தோடு வந்தார். தமிழ்க் கடை இருக்கும் பிளாசாவில் ஒரு கோப்பிக் கடையும் உண்டு. அங்கே கோப்பி குடிக்க வருகிற பொலிஸ்காரர் ஒருவருக்கு ஐந்து டிக்கெட் விற்றுவிட்டாராம். அதுவும் இலக்கம் ஒன்றிலிருந்து ஐந்து வரை. நான் கையில் இருந்த டிக்கெட் புத்தகத்தைக் கீழே வைத்தேன்.

“ஏன் அங்கிள் பொலிசிட்டப் போனனீங்கள்?”

“பிள்ளை, ஊரில கார்னிவல் எண்டாலும் லொத்தர் எண்டாலும் முதல் டிக்கெட் இன்ஸ்பெக்டருக்குத்தான். அதுக்குப் பிறகு ஒரு நாயும் வந்து கேள்வி கேளாது. இவர் நல்ல மனுசன். எழும்பி நிண்டு கை தந்தவர்.”

மற்றவர்கள் அங்கிளின் கெட்டித்தனத்தை மெச்சினார்கள். நான் மட்டும் மெச்சவில்லை. ஊரில் ஒரு நாள் காலை, காவலரணில் சீருடைக்காரன் ஒருவன் என் தம்பியின் பெயரைக் கேட்டுக் கொப்பியில் எழுதினான். அதற்குப் பிறகு தம்பியை நாங்கள் காணவில்லை. சீருடை போட்ட ஒருவரின் சட்டைப் பையில் என் பெயர் இருக்கிறது என்ற நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இது வேறு நாடு, இங்கே அப்படியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது எனக்கு மிசிசாகாவில் விமானப் பயணிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. பக்கத்தில் நின்று அடுக்குகிறவ ஜமெய்க்காக்காரி, வயதில் மூத்தவ, தேவாலய வேலைகளில் ஊறியவ. ஒரு நாள் இடைவேளையில் அவவிடம் ஒரு டிக்கெட்டை நீட்டினேன். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தா.

“அனுமதி இலக்கம் எங்கே?” என்று கேட்டா.

“என்ன அனுமதி?”

அவ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனா. இங்கே டிக்கெட் விற்றுக் குலுக்கல் நடத்துவதென்றால் நகரசபையில் அனுமதி எடுக்கவேண்டும், அந்த இலக்கத்தை டிக்கெட்டில் அச்சடிக்கவேண்டும், இல்லாவிட்டால் அது சட்டவிரோதச் சூதாட்டம் என்றா. தங்கள் தேவாலயத்திலும் அப்படித்தான் செய்வார்களாம். “இதில் யாருடைய பெயர் இருக்கிறது?” என்று கேட்டா. நான் பெயர் இருந்த இடத்தை விரலால் மறைத்தேன், அவவுக்கு விளங்கிவிட்டது.

“எல்லா டிக்கெட்டையும் திருப்பி வாங்கு. காசைத் திருப்பிக் கொடு. ஒன்றுகூட வெளியில் இருக்கக் கூடாது. பிறகு முறையாக அனுமதி எடு.”

அன்று மிச்ச நேரம் எத்தனை தட்டு அடுக்கினேனோ தெரியாது. சூதாட்டம் என்ற சொல்தான் காதுக்குள் நின்றது. படிவத்தில் இருந்த அந்த இரண்டு பெட்டிகளும் கண்முன் வந்தன. என் மகள் லொட்ஜ் வாசலில் நின்று வருகிற போகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று கணவர் எழுதியிருந்ததும் நினைவுக்கு வந்தது. மூன்று டிக்கெட் புத்தகத்தை விற்றுத் தீர்த்த சந்தோசத்துக்கு என் பிள்ளையை நான் தொலைத்துவிடப்போகிறேன் என்று நினைத்தேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டவள் நான்தான், வேறு யாரையும் குறைசொல்ல முடியாது.

அன்றிலிருந்து தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினேன். பகலில் வீட்டில் தனியே இருக்கும்போது மணி அடிக்கும். குசினிக்குள், அடுப்படியில் நின்று எண்ணுவேன். எட்டு, ஒன்பது, பத்து. நின்ற பிறகுதான் வெளியே வருவேன். கணவரும் இரண்டு முறை அழைத்துப் பார்த்துவிட்டு, போன் எடுக்கிறேல்லையே, சுகமில்லையோ என்று கடிதம் போட்டார்.

டிக்கெட்டுகளைத் திருப்பி வாங்கும் படலம் தொடங்கியது. விற்றதைவிட அது பெரிய பாடு. எங்கள் சனம் காசைத் திருப்பிக் கொடுத்தால் சந்தோசமாக வாங்கும் என்று நினைத்தேன். ஒருவரும் வாங்குகிறார்கள் இல்லை. டிக்கெட்டைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டோம், எடுத்தால் தரித்திரம் என்றார்கள். ஒரு அன்ரி, “ஏன், என்ர நம்பருக்குத்தான் விழப்போகுதெண்டு தெரிஞ்சு போச்சோ?” என்று கேட்டா. பிள்ளையார் பெயரில் எடுத்தவர், பிள்ளையாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்தினார். அக்கா என்னோடு மாடி மாடியாக ஏறி இறங்கினா. புது டிக்கெட் வந்ததும் அதே ராசிக்காரரின் பெயரில் முதலில் எழுதித் தருவோம் என்று ஒவ்வொரு வாசலிலும் சத்தியம் பண்ணினா. இரண்டு கிழமையில், ஐந்து டிக்கெட் தவிர எல்லாம் திரும்பி வந்தன.

அந்த ஐந்தையும் அங்கிள்தான் போய் வாங்கவேண்டும் என்று நான் காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

“வித்த பொருளைத் திருப்பிக் கேக்கிறது எனக்கு மரியாதை இல்லை, பிள்ளை. அஞ்சு டிக்கெட்தானே, விடுங்கோ. மடியில கனமில்லாட்டி வழியில பயமென்ன?”

“மடியில கனம் இருக்கு அங்கிள். டிக்கெட்டில இருக்கிறது என்ர பேர்.”

அவர் தன் டையைச் சரிபண்ணிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் பயம் என்று எனக்கு விளங்கியது. அவரும் அகதி மனுப் போட்டவர்தானே.

பொலிஸ் நிலையத்துக்கு நானே போனேன். அக்கா நிலையத்துக்கு எதிரே இருந்த பஸ் தரிப்பிடம் வரை வந்து, உள்ளே வர மாட்டேன் என்று அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டா. கதவைத் தள்ளி உள்ளே போவதற்கு முன் மூன்று முறை திரும்பி அவவைப் பார்த்தேன். போ போ என்று கை காட்டினா.

அடிக்கட்டையில் அங்கிள் அந்தப் பொலிஸ்காரரின் பெயரை மணிமணியாக எழுதி வைத்திருந்தார். முன்மேசையில் அதைச் சொல்லிக் கேட்டேன். அவர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். இடுப்பில் துப்பாக்கி இருந்தது, என் கண் அதற்கு மேலே போகவில்லை. மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன். டிக்கெட் பிழையாக அச்சடித்துவிட்டோம், அனுமதி எடுக்கவில்லை, தெரியாமல் செய்தது, தயவுசெய்து திருப்பித் தாருங்கள், இதோ உங்கள் பத்து டொலர்.

“ஓ, அந்தக் கோட் போட்ட பெரியவர்,” என்றபடி பணப்பையிலிருந்து ஐந்தையும் எடுத்தார். கீழே இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். “இது நீங்களா?”

நான் ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “இல்லை,” என்று வந்தது. “அது என் சகோதரி. அவ வேலைக்குப் போய்விட்டா.”

எனக்குச் சகோதரியே கிடையாது. தம்பி ஒருவன்தான் இருந்தான்.

அவர் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். “அனுமதி இலக்கம் இல்லாததை நானும் கவனித்தேன்,” என்றார். “சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன். யாரும் எடுக்கவில்லை.”

குசினிக்குள் நின்று நான் எண்ணிய மணிகளில் இரண்டு இவருடையவை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். நான் அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து டிக்கெட் திருப்பிக் கொடுக்கப்பட்டது, பத்து டொலர் பெறப்பட்டது என்று எழுதி, கொப்பியை என் பக்கம் திருப்பி, “இதில் ஒரு கையெழுத்து,” என்றார். போட்டேன்.

“உங்கள் சகோதரியிடம் சொல்லுங்கள், அனுமதி எடுத்த பிறகு எனக்கு மறுபடியும் ஐந்து வேண்டும்.”

வெளியே வந்து பஸ் ஏறி, இரண்டு தரிப்பிடம் தாண்டிய பிறகுதான் அக்கா கேட்டா. “கையெழுத்து எண்டியே, என்ன பேர் வைச்சனீ?”

நான் யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பழகிய உருண்டை இங்கிலீசு எழுத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல், என் முழுப் பெயரை எழுதிவிட்டு வந்திருந்தேன். டிக்கெட்டில் இருந்த அதே பெயர்.

“அடி விசரி,” என்றா அக்கா. “கள்ளம் செய்யவும் ஒரு பழக்கம் வேணும்.” அவவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் பஸ் கண்ணாடியில் தலையைச் சாய்த்து அழுதேன்.

முதல் குற்றம் தெரியாமல் செய்தது. இரண்டாவது தெரிந்தே செய்தது. பொலிசுக்குப் பொய் சொல்லி, அதற்குச் சாட்சியாக அவருடைய கொப்பியிலேயே கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைத் திறக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். லாண்டட் கடிதம் வர வேண்டும் என்றும் கும்பிட்டேன், எந்தக் கடிதமும் வரக் கூடாது என்றும் கும்பிட்டேன். எதைக் கொடுப்பதென்று சாமிக்கே குழம்பியிருக்கும்.

நகரசபை அனுமதி ஐப்பசிக் கடைசியில் கிடைத்தது. புது டிக்கெட்டில் என் பெயரைப் போட நான் விடவில்லை. அங்கிள் மருமகளிடம் மன்றாடித் தன் பெயரையும் இலக்கத்தையும் போட்டார். ஏற்கெனவே ஊரெல்லாம் பேச்சாகிவிட்டதால் புது டிக்கெட் முன்னையதைவிட வேகமாக விற்றது. பிள்ளையாருக்கு இந்த முறை இரண்டு.

மார்கழியில் ஒரு ஞாயிறு பின்னேரம், ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் குலுக்கல் வைத்தோம். கடைசி நேர விற்பனைக்கு வாசலில் மேசை போட்டு என்னை இருத்தியிருந்தார்கள். தலையைக் குனிந்து சில்லறை எடுத்துக்கொண்டிருந்தபோது மேசையில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அந்தப் பொலிஸ்காரர், முழுச் சீருடையில். அங்கிள்தான் போய் அழைத்திருக்கிறார், என்னிடம் ஒரு சொல் சொல்லாமல்.

எழும்பி ஓட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கதவு அவருக்குப் பின்னால் இருந்தது.

“ஐந்து,” என்று பத்து டொலரை வைத்தார். நான்கு டிக்கெட்டுக்குத் தன் மனைவி, பிள்ளைகள், தாய் என்று பெயர் சொன்னார். யாரோ எங்கள் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதினேன். ஐந்தாவதற்கு வந்ததும், “இது உங்கள் சகோதரிக்கு,” என்றார். “அவருடைய பெயரை எழுதுங்கள்.”

கமிட்டி ஆட்கள் டிக்கெட் எடுக்கக் கூடாது என்ற விதி நினைவில் வந்தது. அதைச் சொல்லாமல், என் பெயரை எழுதினேன். அவர் குனிந்து பார்த்தார்.

“நீங்களும் உங்கள் சகோதரியும் ஒரே மாதிரி எழுதுகிறீர்கள்,” என்றார்.

அவர் சிரித்தாரா என்று நிமிர்ந்து பார்க்கும் துணிச்சல் எனக்கு இருக்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்து நீட்டினேன். அங்கிள் ஓடிவந்து அவரை முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார், சால்வை போர்த்தாத குறை. பிறகு மைக்கைப் பிடித்து, இந்த முயற்சிக்குப் பாடுபட்ட எங்கள் செயலாளர் என்று என் முழுப் பெயரைச் சொல்லி, வாசல் பக்கம் கையை நீட்டினார். சனம் கைதட்டித் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் அவரும் திரும்பினார். நான் மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். டிவி மோர்னிங்சைட்டில் இருந்து வந்த ஒருவரின் மகள் பெயருக்கு விழுந்தது. அந்தக் குளிர்காலம் முப்பதுக்கு மேல் ஜக்கெட் கொடுத்தோம். ஆனால் எனக்கு அந்த வருட நத்தாரும் பொங்கலும் எப்படிப் போயின என்று ஞாபகம் இல்லை, அந்தப் பொலிஸ்காரர் எப்போது வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று காத்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவர் தட்டவில்லை. வைகாசியில் லாண்டட் பத்திரம் வந்தது. அதற்கடுத்த வருடம் ஆனியில் கணவரும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மகளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. முதல் இரண்டு நாள் என்னை அம்மா என்று கூப்பிடாமல், “இஞ்ச” என்றுதான் கூப்பிட்டாள்.

வந்த கிழமை மூவரும் பிளாசாவுக்குப் போனோம். கணவர் மீன் வாங்க உள்ளே போயிருந்தார். கோப்பிக் கடைக் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பொலிஸ்காரர் வெளியே வந்தார். கையில் கோப்பி. என்னைக் கண்டதும் நின்றார். மகள் என் பின்னால் ஒளிந்து சட்டையை இறுகப் பிடித்தாள். அவளுக்கு அந்த இடுப்புப் பட்டியும் துப்பாக்கியும் பழக்கம், கொழும்பு லொட்ஜுக்குப் பெயர் கேட்டு வருகிற பொலிசிடம் கண்டவள்.

“உங்கள் சகோதரியின் மகளா?” என்று கேட்டார்.

“இல்லை,” என்றேன். “என்னுடைய மகள். எனக்குச் சகோதரி இல்லை.”

“தெரியும்,” என்றார்.

பிறகு அவர் குந்தியிருந்து, மகளின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து, உன் பெயர் என்ன என்று மெதுவாகக் கேட்டார். கேள்வி அவளுக்கு விளங்கியது. அவ்வளவு இங்கிலீசு தகப்பன் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் அவள் அவரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சொல்லலாமா, அல்லது வேறு பெயர் ஏதும் சொல்ல வேண்டுமா என்று அந்தக் கண் என்னைக் கேட்டது.

“சொல்லு குஞ்சு,” என்றேன். “உன்ர பேரைத்தான் சொல்லு.”

சொன்னாள்.